மாரிக்கு முன் மரம் ஏறுகிறவர்கள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவுக்குள் இருக்கிறது தர்மபுரம். மாரி தொடங்குமுன் இங்கே வளவுக்குள் நிற்கும் வேம்பையும் புளியையும் வீட்டுக்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். தகரக் கூரைக்கு மேலே நீண்டுவிட்ட கொப்பு, கிணற்றுப் பக்கம் சாய்ந்த தென்னை, மின்கம்பியை உரசும் வாகை. மண் ஊறிக்கிடக்கும் நாளில் பெருங்காற்றும் சேர்ந்துவிட்டால் இவற்றில் எது முதலில் விழும் என்பதுதான் கவலை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறியது. அதற்குப் பிறகு அந்தக் கவலை இன்னும் கூடியிருக்கிறது.

அப்போது ஊரில் மரம் ஏறத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு கத்தி இருக்கும், ஒரு கோடாலி இருக்கும், கிணற்றுக்கு வாங்கிய நைலோன் கயிறு இருக்கும். சிலரிடம் சங்கிலி வாளும் இருக்கும். காலில் செருப்புக்கூட இல்லாமல் ஏறி, ஒரு கொப்பில் காலை ஊன்றி, மறு கையால் அடுத்த கொப்பை வெட்டி இறக்குவார். அந்தத் துணிவையும் உடல் பழக்கத்தையும் யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவருக்கும் நிலத்துக்கும் இடையில் அவருடைய கைப்பிடியைத் தவிர வேறு பாதுகாப்பு எதுவும் இல்லை. வெளிநாடுகளில் இதே வேலையை ‘ட்றீ சேர்ஜன்’ என்ற பெயரில் படிப்பும் பரீட்சையும் காப்புறுதியும் உள்ள தொழிலாகச் செய்கிறார்கள். வன்னியில் அதைச் செய்கிறவர் இன்னும் நாட்கூலியாகவே கணக்கிடப்படுகிறார். இதை மாற்ற முடியும், மாற்றவும் வேண்டும் என்பதற்கு இங்கே பல காரணங்கள் இருக்கின்றன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஓரடித் தடிப்பும் மூன்று மீற்றர் நீளமும் உள்ள ஒரு பச்சைக் கொப்பை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய இருநூறு கிலோ. பாலையாக இருந்தால் இன்னும் கூடும், பாலைக் கட்டை தண்ணீரில் போட்டால் தாண்டுவிடும். பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழும் எதுவும் நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. அது கொப்பாக இருந்தாலும் சரி, அதை வெட்டிய ஆளாக இருந்தாலும் சரி.

தர்மபுரத்தில் மரத்தைக் கத்தியால் கையாளும் அறிவு இரண்டு வழிகளால் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று வடபகுதிக்கே உரிய வேலிப் பழக்கம். கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் கதிகாலாக நட்டு, ஆண்டுதோறும் ஒரே உயரத்தில் குழை வெட்டி வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாகத் தாழ்ப்பது. மற்றையது மலையகத்திலிருந்து வந்தது. இனக்கலவரங்களால் பெயர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல குடியேறிய ஊர் இது. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதும், நிழலுக்கு நிற்கும் சவுக்கையும் முருங்கையையும் கொப்பு இறக்குவதும் அந்தக் குடும்பங்களின் மூத்தவர்களுக்குக் கைவந்த வேலை. கவ்வாத்தில் வெட்டு வாய் பிளக்கக்கூடாது, தண்ணீர் தேங்காதபடி சரிவாக இருக்கவேண்டும் என்று கங்காணி நின்று பார்ப்பார். மரச் சிகிச்சையின் முதல் பாடமும் அதுதான்: எங்கே, எப்படி வெட்டுவது என்பது மரத்தின் மிச்ச ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இதை விஞ்ஞானமாக நிறுவியவர் அலெக்ஸ் சைகோ என்ற அமெரிக்கர். அமெரிக்க வனச் சேவையில் ஆய்வாளராக இருந்த அவர், சங்கிலி வாளால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆகியிருக்கின்றன என்று பார்த்தார். மனித உடலில் காயம்பட்ட தசை புதிதாக வளர்ந்து ஆறுகிறது. மரத்தில் அப்படி நடப்பதில்லை. காயம்பட்ட பகுதி அப்படியே இருக்க, மரம் அதைச் சுற்றி இரசாயனச் சுவர்களை எழுப்பி அழுகல் பரவாமல் அடைத்துவிடுகிறது. பிறகு அதன் மேல் புதிய மரத்தை வளர்க்கிறது. மேலும் கீழுமாக நீர் போகும் குழாய்களை அடைக்கும் சுவர்தான் மிகப் பலவீனமானது. அதனால்தான் பொந்து மேலும் கீழுமாக நீண்டு வளர்கிறது. காயத்துக்குப் பிறகு உருவாகும் புதிய வளையத்தின் சுவர்தான் மிக வலியது. உள்ளே கோறையான ஒரு புளி நூறாண்டு நிற்பது இதனால்தான். சைகோ 1977இல் வெளியிட்ட இந்த விளக்கம் உலகம் முழுவதும் மரம் வெட்டும் முறையையே மாற்றிவிட்டது.

அதற்கு முன் நல்லது என்று நம்பிச் செய்த பல காரியங்கள் பிழை என்று தெரியவந்தன. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஒஹாயோவில் குடியேறிய ஜோன் டேவி 1901இல் மர வைத்தியம் பற்றி நூல் எழுதி இந்தத் தொழிலுக்கே அடித்தளம் போட்டவர். அவர் காலத்தில் பொந்தைச் சுரண்டிச் சீமெந்து நிரப்புவது பெரிய சிகிச்சையாகக் கருதப்பட்டது. இன்று பயிற்சி பெற்ற யாரும் அதைச் செய்வதில்லை. காற்றில் மரம் ஆடும், சீமெந்து ஆடாது. இரண்டும் உரசி மரம் எழுப்பிய சுவரே உடைந்துபோகும். வெட்டு வாயில் தார் பூசுவதாலும் பயனில்லை, ஈரம் உள்ளே அடைபட்டு அழுகலுக்கு இடமாகிவிடுகிறது. நம்முடைய கோயில் ஆலுக்கும் அரசுக்கும் பக்தியோடு சீமெந்து பூசுகிறவர்களும், அடிமரத்தை நெருக்கி மேடை கட்டுகிறவர்களும் இதைக் கட்டாயம் அறியவேண்டும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் இரண்டு அடிக்குள், கொப்புகளின் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கிறது. அங்கே கொங்கிறீற் போட்டால் காற்றும் நீரும் வேருக்குப் போகாது. 2016 டிசம்பர் 12ஆம் திகதி வர்தா புயலில் சென்னையின் வீதியோர மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தபோது, கொங்கிறீற்றால் நெருக்கப்பட்ட வேர்களும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன.

கிழட்டு மரத்துக்கு உண்மையில் உதவுவது முட்டுக்கொடுப்பது. அதற்கு உதாரணம் தேட அமெரிக்கா போகத் தேவையில்லை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் நடப்பட்டதாக வரலாறு சொல்லும் அனுராதபுரத்து சிறீ மகா போதியின் கொப்புகளை இன்றும் பொன்னிறத் தூண்கள் தாங்கி நிற்கின்றன.

வெட்டும் இடத்துக்கு வருவோம். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு கழுத்து தெரியும். அழுகலை அடைக்கும் சுவர் உருவாவது அந்தக் கழுத்தில்தான். அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் கழுத்துப் போய்விடும், அழுகல் நேரே உள்ளே இறங்கும். ஒரு முழம் விட்டு வெட்டினால் மிஞ்சிய குற்றி பட்டு அதன் வழியாக அழுகல் வரும். கழுத்துக்குச் சற்று வெளியே வெட்டுவதே சரி. அதுவும் ஒரே வெட்டில் அல்ல. முதலில் கழுத்திலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் ஓரளவு வெட்டு. பிறகு அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து வெட்டினால் கொப்பின் பாரம் பட்டையைக் கிழிக்காமல் விழுந்துவிடும். கடைசியாக மிஞ்சிய குற்றியைக் கழுத்தருகே எடுத்துவிடலாம். மரத்தின் தலையை மொட்டையடிப்பது எல்லாவற்றிலும் மோசம். அதன் பிறகு கற்றையாகக் கிளம்பும் தளிர்கள் பட்டைக்கு அடியில் மட்டுமே ஒட்டியிருக்கும். சில ஆண்டுகளில் அவை பருத்து, அடுத்த புயலில் முறிந்து கூரையில் விழும். பயந்து மொட்டையடித்தவர் பயத்துக்கு இன்னொரு காரணத்தை வளர்த்துவிடுகிறார். ஒரே தடவையில் இலைத்தொகுதியில் காற்பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

பனைக்கும் தென்னைக்கும் இந்தப் பாடம் பொருந்தாது. அவற்றுக்கு ஆண்டு வளையமும் இல்லை, காயத்தை மூடி வளரும் திசுவும் இல்லை. வளரும் முனை ஒன்றே ஒன்று, உச்சியில். அது போனால் மரம் போயிற்று. இரும்பு முள்ளுச் சப்பாத்துப் போட்டு ஏறினால் அந்தத் துளைகள் மரம் சாகும்வரை இருக்கும். தளைநாரால் ஏறும் சீவல் தொழிலாளியின் முறைதான் இங்கே மரத்துக்கு நல்லது. தலையற்று நின்ற பனைகளை வன்னியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எறிகணை உச்சியை அறுத்துவிட, உயிரற்ற கம்பமாக ஆண்டுக்கணக்கில் நின்று பிறகு விழுந்தவை அவை.

உலகத்தின் எந்தப் பாடநூலும் வன்னியில் மரம் வெட்டுகிறவருக்குப் போதாமல் போகும் இடம் ஒன்று இருக்கிறது. 2008இன் கடைசியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இயங்கியது. 2009 ஜனவரியில் போர் இந்த ஊரைக் கடந்து கிழக்கே போனது. அந்த மாதங்களில் எறிகணைத் துண்டுகளும் சன்னங்களும் மனிதரைப் போலவே மரங்களையும் துளைத்தன. பாலையும் முதிரையும் வேம்பும் அவற்றை உள்ளே வைத்துக்கொண்டு, மேலே ஆண்டுதோறும் புதிய மரத்தை வளர்த்து மூடிவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தழும்போ, உப்பிய பட்டையோ மட்டும் தெரியும். சில மரங்களில் அதுவும் தெரியாது.

மரம் நுனியில்தான் உயரமாக வளர்கிறது, அடிமரம் பருக்குமே தவிர மேலே எழும்பாது. ஆகவே 2009இல் ஓர் ஆளின் மார்பளவில் பாய்ந்த துண்டு இன்றும் அதே மார்பளவில்தான் இருக்கிறது. சங்கிலி வாளைப் பிடிக்கிறவருக்கு இது உயிர்ச் செய்தி. வாளின் சங்கிலி நொடிக்கு இருபது மீற்றருக்கு மேல் ஓடுகிறது. அது இரும்பில் மோதினால் பற்கள் தெறிக்கலாம், சங்கிலி அறுந்து சாட்டையாய்த் திரும்பலாம், வாளே முகத்தை நோக்கி உதைத்து எழலாம். முதல் உலகப் போர் முடிந்து நூறாண்டு கடந்தும் பிரான்சின் வெர்டன் பகுதி மரங்களில் இதே தொல்லை இருக்கிறது. அங்கும் ஜேர்மனியிலும் மர ஆலைகள் உலோகம் காட்டும் கருவியால் மரத்தைச் சோதிக்கின்றன, துண்டுள்ள மரம் மலிவாகத்தான் விலைபோகும். துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் இரும்பு இருந்தால் அதைச் சுற்றிக் கருநீலக் கறை பரவும். வெட்டும்போது மரத்தூள் திடீரெனக் கறுத்து வந்தால் உடனே வாளை நிறுத்தவேண்டும். கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி ஒன்று வன்னியில் மரம் வெட்டும் ஒவ்வொரு குழுவிடமும் இருக்கவேண்டிய பொருள்.

நிலத்தையும் பார்க்கவேண்டும். ஹலோ ட்ரஸ்ட், டாஷ் போன்ற அமைப்புகள் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆண்டுக்கணக்கில் கண்ணிவெடி அகற்றிவருகின்றன. துப்புரவான வளவிலும் வெடிக்காத பொருள் ஒன்று வேருக்கடியில் கிடக்க இடமுண்டு. வெட்டிய கொப்பையும் சருகையும் அதே இடத்தில் குவித்து நெருப்பு வைப்பது இங்கே பழக்கம். குப்பை எரிக்கும்போது வெடித்துக் காயப்பட்ட சம்பவங்கள் வன்னியில் நடந்திருக்கின்றன. சந்தேகமான எதையும் தொடாமல், அடையாளம் வைத்து, பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லவேண்டும்.

இனி, பயிற்சி பெற்ற ஒருவர் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்? பிரித்தானியாவில் ஒருவர் முதலில் நிலத்தில் நின்றுதான் பழகுகிறார். சங்கிலி வாளைக் கழற்றிப் பூட்டுவது, பல் தீட்டுவது, விழுந்த மரத்தைத் துண்டுபோடுவது. பிறகு 380 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள மரங்களைத் தறிப்பது. அடுத்து கயிற்றில் ஏறுவதும், மேலே மயங்கிக் கிடக்கும் ஒருவரை இறக்குவதும். இவை எல்லாம் தேறிய பிறகே மரத்தின் மேல் வாளைப் பிடிக்கும் பயிற்சி. ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லிக்கொடுத்தவர் அல்லாத வேறொருவர் வந்து சோதிப்பார். 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு ஒன்று இன்று சர்வதேச மரவளர்ப்புச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. மூன்றாண்டு அனுபவம் காட்டிப் பரீட்சையில் தேறியவருக்கு அது சான்றிதழ் தருகிறது.

ஏறும் கயிறு பெருவிரல் தடிப்புக்கும் குறைவானது, பதினொன்றிலிருந்து பதின்மூன்று மில்லிமீற்றர். ஆனால் இரண்டு தொன்னுக்கு மேல் தாங்கும். நம் கடைகளில் வாங்கும் நீல நைலோன் கயிறு வெயிலில் கிடந்து இற்றுப்போகிறது, எவ்வளவு தாங்கும் என்று அதில் எழுதியும் இல்லை. ஏறுகிறவர் மரத்தின் மேல் ஒரு சிறு பாரப் பொதியை மெல்லிய நூலோடு எறிந்து, அந்த நூலில் பெருங்கயிற்றைக் கட்டி இழுத்து, பலமான கவரில் போட்டு, இடுப்புப் பட்டியில் பூட்டிக்கொள்வார். பாரம் விழுந்தால் இறுகி, கையால் தளர்த்தினால் வழுகும் ஒரு முடிச்சு அவரை அந்தரத்தில் நிறுத்துகிறது. 1931இல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி விளக்கிய முடிச்சு அதன் மூத்த வடிவம். வாளை இயக்கும்போது இரண்டாவது கட்டும் இருக்கவேண்டும். அதன் உள்ளே இரும்புக் கம்பி ஓடும், வாள் தவறிப் பட்டாலும் சட்டென்று அறாது.

காற்சட்டையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதன் உள்ளே நீண்ட இழைகள் பல அடுக்காக இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அந்த இழைகள் பற்களோடு இழுபட்டுப் போய்ப் பற்சில்லைச் சிக்கவைத்து வாளை நிறுத்திவிடும், தொடைக்கு வாள் போய்ச்சேருமுன். வன்னி வெயிலில் இதை நாள் முழுவதும் போட முடியாது என்பது நியாயமான முறைப்பாடு. நிலத்தில் நின்று துண்டுபோடுகிறவருக்கு முன்பக்கத்தை மட்டும் மறைக்கும் காலங்கி போதும். தாடைப்பட்டி உள்ள ஹெல்மெற், கண்ணுக்கு வலை, காதுக்கு மூடி ஆகியவற்றுக்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. சங்கிலி வாளின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். காதை மூடாமல் சில ஆண்டுகள் வேலைசெய்தால் கேட்கும் திறன் குறைந்துபோகும், அது திரும்ப வராது.

முழு மரத்தையும் தறிக்கும்போது விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் எடுப்பார்கள். பின்பக்கம் வெட்டிக்கொண்டு வரும்போது முழுவதையும் அறுத்துவிடாமல், தடிப்பில் பத்தில் ஒரு பங்கை நடுவில் விடவேண்டும். கதவுக்குப் பிணைச்சல் போல அந்த மிச்சந்தான் மரத்தைச் சொன்ன திசைக்குத் திருப்புகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் தன்பாட்டில் விழும். வெட்டுகிறவர் தப்பி ஓடும் வழியைத் தொடங்குமுன்பே துப்புரவாக்கி வைத்திருக்கவேண்டும், மரம் விழும் திசைக்குப் பின்னால் சாய்வாக. அடியில் காளான் பூத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்து எழும்பியிருக்கிறதா, தட்டினால் கோறைச் சத்தம் கேட்கிறதா, குளவிக்கூடு இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கும் நேரம், வெட்டும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தாலும் வீணில்லை.

மின்கம்பி விஷயத்தில் பேரம் பேசவே கூடாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்றே ஆளைக் கொல்லப் போதும். வீதியோரம் 33,000 வோல்ற் கம்பியும் போகிறது, அதைத் தொடாமலே கிட்டப் போனாலும் மின்சாரம் பாய்ந்துவிடும். பச்சைக் கொப்பு ஈரமானது, அதன் வழியாகவும் பாயும். கம்பிக்கு அருகிலுள்ள கொப்பை வெட்டவேண்டுமானால் மின்சாரம் வழங்குவோருக்கு அறிவித்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏறவேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்கவேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் பிரதேச செயலரின் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. மூன்றுமே பஞ்சகாலத்தில் சோறு போட்ட மரங்கள் என்பதை நினைத்தால் சட்டத்தின் நோக்கம் புரியும். வெட்டிய பல வகை மரங்களை ஏற்றிப்போகவும் அனுமதிப்பத்திரம் தேவை. சங்கிலி வாள்களைப் பொலிஸில் பதியவேண்டும் என்ற அறிவிப்பு 2019இல் வந்தது. லண்டனில் இருக்கும் உறவுகளைக் கேட்டால், பாதுகாக்கப்பட்ட மரமென்றால் தங்கள் பின்வளவில் நின்றாலும் நகரசபையிடம் அனுமதி கேட்கவேண்டியிருப்பதைச் சொல்வார்கள்.

பயிற்சிக்கு வழி இருக்கிறதா என்றால், பக்கத்து நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. கேரளத்தில் தென்னை ஏற ஆள் கிடைக்காமல் போனபோது, இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மர நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் தங்கிப் பயிற்சி, ஏறும் இயந்திரம், விபத்துக் காப்புறுதி. பெண்களும் சேர்ந்து பழகினார்கள். கூலி வேலை என்று ஒதுக்கப்பட்டிருந்ததைச் சீருடையும் சான்றிதழும் உள்ள தொழிலாக அது மாற்றத் தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அதே அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. மரத்தைத் தெரிந்தவர்களும் இயந்திரத்தைத் தெரிந்தவர்களும் இவ்வளவு கிட்ட இருக்கும்போது, தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் ஒரு குறுகிய பயிற்சிநெறி கொண்டுவருவது பெரிய காரியமல்ல. முதல் வகுப்பில் மாணவராக உட்காரவேண்டியவர்கள் இப்போது கத்தியோடு ஏறிக்கொண்டிருப்பவர்கள். குழை வெட்டியும் கவ்வாத்து வெட்டியும் வந்த கைகள் பாதியைச் சொல்லாமலே பிடித்துக்கொள்ளும்.

அதுவரை வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஆவணி, புரட்டாதியிலேயே, மண் காய்ந்திருக்கும்போதே ஆளைக் கூப்பிடலாம். மழைக்குள் வழுக்கும் பட்டையில் ஏறச்சொல்லி நெருக்க வேண்டியதில்லை. ஏறுகிறவர் தனியாக வந்திருந்தால் வேலையைத் தொடங்க விடக்கூடாது, கீழே இன்னொருவர் கட்டாயம் நிற்கவேண்டும். பட்டியும் நல்ல கயிறும் வாங்க அவருக்கு வழியில்லையென்றால், அக்கம்பக்கத்து நான்கு வீடு சேர்ந்து வாங்கி ஊர்ச் சங்கத்தில் வைக்கலாம். பிள்ளைகளும் ஆடுமாடும் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்கவேண்டும். விபத்து நடந்து 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் உள்வீதிகளுக்கு வழிசொல்ல ஓர் ஆள் வேண்டும். வெட்டிக் குவித்த கொப்புகளைப் படலையடியில் போடாமல் ஒதுக்கி வைத்தால்தான் அந்த அம்புலன்ஸ் வளவுக்குள் வரமுடியும்.